வலைப்பக்கக் கட்டமைப்பிற்கான தொடக்கப் பயிற்சிகள்: ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழ்த்துறைகள் பலவற்றில் இன்று கணினித்தமிழ் ஒரு பாடமாக இடம்பெற்றுள்ளது. அதன் ஒரு பகுதியாக எச்.டி.எம்.எல். என்னும் மீயுரைக் குறிமொழியும் கற்பிக்கப்படுகிறது. இலக்கணமும் இலக்கியமும் பயில வந்த மாணாக்கர் இதனை எழுத்தர் வேலையாகக் கருதுவதும், ஆசிரியரும் அங்ஙனமே கருதி விரைந்து முடித்துவிடுவதும் கண்கூடு. இக்கருத்துப் பொருந்துமா என்பதை ஆராயப் புகுவோர், அப்பாடத்தின் தொடக்கத்தில் அளிக்கப்படும் பயிற்சிகளை முதற்கண் நோக்குதல் வேண்டும். ஒரு கலையைப் பற்றி அதனைக் கற்பிப்போர் கொண்டுள்ள எண்ணம், அவர் எழுதும் விளக்கங்களைக் காட்டிலும் அவர் அமைக்கும் பயிற்சிகளில் தெளிவாகப் புலப்படும்.

பயிற்சிகள் திறனாய்வுக்கு உரிய பொருளாகுமோ என ஐயுறுவார் உளர். ஓர் உரைப்பகுதியை மாணாக்கர் கையில் தந்து, இதன் உறுப்புகளைப் பிரித்துக் காட்டுக எனப் பணிப்பதே இப்பயிற்சிகளின் சாரம். உறுப்புகளைப் பிரித்தறிதலோ உரையாசிரியரும் பதிப்பாசிரியரும் நெடுங்காலமாகச் செய்துவந்த தொழில். மூலமும் உரையும் விரவிக் கிடந்த ஏடுகளினின்று, இது மூலம், இது உரை, இது மேற்கோள் எனப் பிரித்து அச்சேற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளை, உ. வே. சாமிநாதையர் முதலியோரின் உழைப்பை நம் துறையினர் நன்கு அறிவர். ஆதலின், இப்பயிற்சிகள் ஓர் உரைப்பகுதியை நுணுகிப் படிக்கக் கற்பிக்கின்றனவா, பக்கத்தை ஒப்பனை செய்ய மட்டும் கற்பிக்கின்றனவா என்னும் வினா நம் துறைக்கு உரிய வினாவே. அதற்கு விடை காணுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குறிமொழியின் இயல்பு

பயிற்சிகளை மதிப்பிடுமுன் குறிமொழியின் வரலாற்றைச் சுருங்க நோக்குவாம். ஆவணங்களின் உறுப்புகளைப் பெயரிட்டுக் குறிக்கும் எஸ்.ஜி.எம்.எல். என்னும் பொதுமுறை 1986ஆம் ஆண்டில் அனைத்துலகத் தரமாயிற்று. அம்முறையின் வழிநின்று, சுவிட்சர்லாந்து நாட்டுச் செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ எச்.டி.எம்.எல்.லை வகுத்தார். 1991ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட குறிச்சொற் பட்டியலில் ஆறு நிலைத் தலைப்புகள், பத்தி, பட்டியல், சொல்லும் பொருளும் அமைந்த பட்டியல், முகவரி, இணைப்பு என்பன இடம்பெற்றன. அவை யாவும் உறுப்பின் பெயர்கள். எழுத்து எவ்வளவு பெரிதாயிருத்தல் வேண்டும், எந்நிறத்தில் தோன்றுதல் வேண்டும் என்பவை பற்றிய குறிகள் அல்ல.

பின்னர் உலாவிகளை ஆக்கிய நிறுவனங்கள் தமக்குள் போட்டியிட்டன. அதன் பயனாக எழுத்தின் வடிவு, நிறம், பருமன் ஆகியவற்றைக் குறிக்கும் 'ஃபான்ட்', நடுவில் நிறுத்தும் 'சென்டர்', எழுத்தை ஓடச்செய்யும் 'மார்க்கீ' முதலிய குறிச்சொற்கள் வழக்கிற்கு வந்தன. உறுப்பின் பெயரும் ஒப்பனையின் பெயரும் கலந்தன. இக்கலப்பைத் தீர்த்தற்பொருட்டு, ஒப்பனைக்கெனத் தனியே சி.எஸ்.எஸ். என்னும் நடைத்தாள் முறை 1996 திசம்பரில் வகுக்கப்பெற்றது. 1997 திசம்பரில் வெளிவந்த எச்.டி.எம்.எல். நான்காம் பதிப்பு 'ஃபான்ட்', 'சென்டர்' ஆகியவற்றை விலக்கத்தக்கன என்றது. 2014 அக்டோபரில் வந்த ஐந்தாம் பதிப்பு, மார்க்கீ உள்ளிட்ட இவ்வொப்பனைக் குறிகளை வழக்கொழிந்தன என்றே கூறியது. எனவே, கட்டமைப்பு வேறு, ஒப்பனை வேறு என்பது இம்மொழியின் அடிப்படைக் கொள்கை என்பது தெளிவாம்.

பயிற்சிகளின் மூவகை

தொடக்க நிலைப் பயிற்சிகளை மூவகைப்படுத்தலாம். முதல் வகை ஒப்பனைப் பயிற்சி. தலைப்பைச் சிவப்பாக்குக, பெயரை நடுவில் நிறுத்துக, வாழ்த்துரையை ஓடச்செய்க என்பன இதன்பாற்படும். மேற்கூறிய வரலாற்றை நோக்கின் இவ்வகைப் பயிற்சிகள் காலங்கடந்தவை என்பது போதரும். எனினும் பாடக்குறிப்புகள் சிலவற்றில் இவை இன்றும் நீடிக்கின்றன. கண்ணுக்கு உடனே பயன் தெரிவதால் மாணாக்கர் இவற்றை விரும்புகின்றனர். இவ்வகை பற்றி ஈண்டு மேலும் கூறவேண்டுவதில்லை.

இரண்டாம் வகை உறுப்பறி பயிற்சி. ஓர் உரைப்பகுதியைத் தந்து தலைப்பு எது, பத்தி எது, பட்டியல் எது எனக் குறியிடச் சொல்வது இது. மூன்றாம் வகை பக்கவமைப்புப் பயிற்சி. பக்கத்தின் முகப்பு, வழிகாட்டி, முதன்மைப் பகுதி, துணைப்பகுதி, அடிப்பகுதி ஆகியவற்றை வகுக்கச் சொல்வது இது. பின்னிரண்டு வகைக்கும் எடுத்துக்காட்டாக, மொசில்லா நிறுவனத்தார் தொடங்கிய எம்.டி.என். பாடவரிசையின் பயிற்சிகளைக் கொள்வாம். உலகெங்கும் தொடக்க மாணாக்கர் மிகுதியாகப் பயன்கொள்வது அப்பாடவரிசை. ஒப்பனையினின்று கட்டமைப்பைப் பிரித்துக் கற்பிப்பதில் அது முன்னிற்பது. எனவே, குறை காணுதற்கு எளியதொன்றை எடுத்துக்கொண்டோம் என்னும் பழிக்கு இடமில்லை. அப்பாடங்கள் காலந்தோறும் திருத்தப்பெறுவன ஆதலின், அவற்றின் அமைப்பு முறையே ஈண்டு ஆராயப்படுகிறது.

பட்டியற் பயிற்சியின் சிறப்பு

அப்பாடவரிசையின் தொடக்கத்தில் இரு சிறு பயிற்சிகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று, பால், முட்டை முதலிய பண்டங்களை வாங்குதற்குரிய குறிப்பு. மற்றொன்று, ஓரிடத்திற்குச் செல்ல வழி கூறும் குறிப்பு. இரண்டும் வரிவரியாக எழுதப்பட்டவை, தோற்றத்தில் வேறுபாடற்றவை. ஆயினும் முன்னதை 'யு.எல்.' என்னும் வரிசையில்லாப் பட்டியலாகவும், பின்னதை 'ஓ.எல்.' என்னும் வரிசைப் பட்டியலாகவும் குறியிடல் வேண்டும். பண்டங்களை எம்முறையில் வாங்கினும் பயன் ஒன்றே. வழியின் திருப்பங்களை முறை மாற்றினால் ஊர் போய்ச் சேர இயலாது.

மிக எளிய இப்பயிற்சியை யாம் உயர்ந்த பயிற்சியென மதிக்கின்றோம். ஏனெனில், விடை தோற்றத்தில் இல்லை, பொருளில் உள்ளது. வரிகளின் பொருளை உணர்ந்து, முறை மாறினால் என்னாகும் என ஒரு வினா எழுப்பினாலன்றி மாணாக்கர் விடை காணுதல் அரிது. அடுத்து வரும் சமையற்குறிப்புப் பயிற்சியும் இத்தகையதே. கொண்டைக்கடலையை அரைத்துச் செய்யும் ஹம்மஸ் என்னும் உணவின் செய்முறை அதிற் கூறப்படுகிறது. சேர்க்கும் பொருள்கள் ஒருவகைப் பட்டியலாகவும், செய்யும் முறைகள் மற்றொரு வகைப் பட்டியலாகவும், சுவை வேறுபாடு பற்றிய குறிப்புகள் பத்தியாகவும் அமைதல் வேண்டும். சிறிய உரைப்பகுதி ஒன்றில் மூவகைப் பொருட்கூறுகள் உள என்பதை மாணாக்கர் தாமே உணர்கின்றனர். தொடக்கப் பயிற்சி எளிதாயிருத்தல் வேண்டும் என்போர்க்கும், அதில் சிந்தனை இருத்தல் வேண்டும் என்போர்க்கும் இஃது ஒருங்கே விடையாகின்றது.

ஆய்வுப் படிப்பிற் சேர விழையும் மாணவி ஒருவர்க்குப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் எழுதும் மடலைக் குறியிடச் சொல்லும் பயிற்சியும் அவ்வரிசையில் உண்டு. முகவரி, நாள், சுருக்கச்சொல், வேதியியல் வாய்பாட்டின் கீழெழுத்து எனப் பல நுண்கூறுகளை அது கேட்கிறது. மடல் என்னும் இலக்கிய வகைக்குரிய உறுப்புகளை ஒரு பயிற்சியுள் அடக்கியது பாராட்டற்குரியது. எனினும், எவ்வெவ் வகைக் குறிகளை இடுதல் வேண்டும் என்பதைப் பயிற்சியின் குறிப்புரையே வரிசையாகக் கூறிவிடுகிறது. மாணாக்கர் தேடுகின்றனர், ஆனால் எதனைத் தேடுவது என்பதைத் தாமே துணிவதில்லை. பட்டியற் பயிற்சியில் இருந்த துணிவு இங்கே குறைந்துவிடுகிறது.

அழுத்தம் பற்றிய பாடம்

அழுத்தத்தைக் குறிக்கும் 'எம்' என்னும் குறிச்சொல்லைப் பற்றிய பாடம் தமிழாசிரியர் தனித்து நோக்கவேண்டியது. காலந்தாழாமல் வந்த ஒருவரிடம், அவர் அங்ஙனம் வந்ததற்கு மகிழ்ச்சி தெரிவிக்கும் ஆங்கிலத் தொடர் ஒன்று அப்பாடத்தில் எடுத்துக்காட்டாகத் தரப்படுகிறது. அழுத்தமின்றிக் கூறின் உண்மை மகிழ்ச்சி. இரு சொற்களை அழுத்திக் கூறின் எள்ளல். ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு ஓசையால் மட்டும் உணர்த்தப்படுதலின், எழுத்தில் அதனைக் காட்ட ஒரு குறி வேண்டியதாயிற்று.

இப்பாடத்தைத் தமிழில் அவ்வாறே பெயர்த்துக் கற்பித்தல் பொருந்தாது. முருகன் நேற்று வந்தான் என்னும் தொடரில் காலத்தை வற்புறுத்த விரும்புவோர் 'நேற்றே வந்தான்' என்பர். வந்தவனை வற்புறுத்த விரும்புவோர் 'முருகன்தான் வந்தான்' என்பர். ஏகாரத்திற்குத் தேற்றம், பிரிநிலை முதலாகத் தொல்காப்பியர் ஐந்து பொருள் வகுத்துள்ளமை நாம் அறிந்ததே. இடைச்சொல்லே அழுத்தத்தைச் சுமக்கும்போது அதன்மேல் மீண்டும் ஒரு குறியிடுதல் மிகையாகும். அழுத்தச் சொற்களைக் கண்டு குறியிடுக என்னும் பயிற்சியைத் தமிழ் மாணாக்கர்க்குத் தந்தால், அவர் ஏகாரம் வந்த இடமெல்லாம் குறியிட்டு வைப்பர். அது பிழையென யாரும் கூறார். பயனுடையதென்றும் கூற இயலாது.

அற்றேல் அக்குறி தமிழுக்கு வேண்டாததோ எனின், அற்றன்று. 'நல்ல வேலை செய்தாய்' என்னும் தொடர் பாராட்டாகவும் இகழ்ச்சியாகவும் நிற்கும். இங்கே வேறுபாட்டை உணர்த்த இடைச்சொல் இல்லை, ஓசையே உணர்த்துகிறது. எடுத்தலோசை, படுத்தலோசை என உரையாசிரியர்கள் குறித்தமை இத்தகைய இடங்களை நோக்கியே. எனவே தமிழ்ப் பயிற்சி, சொல்லால் உணர்த்தப்பட்ட அழுத்தம் எது, ஓசையால் மட்டும் உணர்த்தப்படும் அழுத்தம் எது எனப் பிரித்துக் காட்டுமாறு அமைதல் வேண்டும். பின்னதற்கே குறி உரியது. மேலும், உலாவிகள் அக்குறியிட்ட சொல்லைச் சாய்ந்த எழுத்தாற் காட்டுகின்றன. சாய்வெழுத்து தமிழ் அச்சு மரபில் வேரூன்றியதன்று. எழுத்துருக்கள் பலவற்றில் சாய்வடிவு தனியே இல்லாமையால் உலாவி நேரெழுத்தைச் சரித்துக் காட்டுகிறது. அழுத்தம் உறுப்பு, சாய்வு ஒப்பனை என்னும் அடிப்படைக் கொள்கையைக் கற்பித்தற்கு இதனினும் தக்க இடம் வேறில்லை. நடைத்தாளில் ஒரு வரி மாற்றினால் சாய்வை நீக்கிக் கோடிட்டோ தடித்தோ காட்டலாம். அழுத்தமோ மாறாது நிற்கும்.

பக்கவமைப்புப் பயிற்சியின் குறை

மூன்றாம் வகைக்கு எம்.டி.என். தரும் பயிற்சி, பறவை நோக்குவோர்க்கான கற்பனைத் தளம் ஒன்றின் முகப்புப் பக்கத்தைக் கட்டமைத்தல். தலைப்பும் வழிகாட்டியும் கொண்ட முகப்பு, வரவேற்புரை, விருப்பப் படங்கள், அடிக்குறிப்பு என அதன் பகுதிகள் அமைகின்றன. இவற்றை 'ஹெடர்', 'நேவ்', 'மெயின்', 'ஆர்ட்டிக்கிள்', 'அசைட்', 'ஃபுட்டர்' என்னும் குறிச்சொற்களுள் அடக்குதல் வேண்டும். முடிந்த பக்கத்தின் தோற்றம் படமாகக் காட்டப்படுகிறது. நடைத்தாளும் முன்னரே எழுதித் தரப்படுகிறது.

இங்கேதான் குறை நுழைகின்றது. படத்தில் வலப்புறம் ஒரு பத்தி காணப்படுகிறது. அதனை அவ்விடத்திற் கொண்டு சேர்க்கும் குறிச்சொல் எதுவோ அதுவே விடை என மாணாக்கர் முயல்கின்றனர். பக்கம் படத்தைப் போலத் தோன்றியதும் பயிற்சி முடிந்தது. துணைப்பகுதி என்பது சூழ்ந்துள்ள பொருளோடு ஓரளவே தொடர்புடைய பகுதி எனத் தரநூல் வரையறுக்கின்றது. பறவை நோக்குவோர் தளத்தில் பறவைப் படங்கள் துணைப்பொருளா, தலைமைப்பொருளா? படங்களை நீக்கினால் வரவேற்புரை குறைவின்றி நிற்குமா? இவ்வினாக்கள் எழுப்பத்தக்கன, பயிற்சி இவற்றை எழுப்பவில்லை. இடம் பற்றிய விடையைப் பொருள் பற்றிய விடையாக மாணாக்கர் மயங்குதற்கு அது வழிசெய்கிறது. ஒப்பனையைக் கட்டமைப்பினின்று பிரிக்கத் தொடங்கிய பாடவரிசை, தன் இறுதிப் பயிற்சியில் அவ்விரண்டையும் மீண்டும் ஒன்றாக்கிவிடுகிறது என்பது எம் கருத்து.

இதன் விளைவை யாம் எம் வகுப்பிலேயே கண்டோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டுரையைத் தந்து கட்டமைக்கச் சொன்னோம். பக்கங்கள் யாவும் திரையில் அழகாகவே தோன்றின, மதிப்பெண்ணும் வழங்கினோம். அவ்வகுப்பில் பார்வையற்ற மாணாக்கர் ஒருவர் இருந்தார். அவர் திரைபடிப்பான் என்னும் மென்பொருளின் துணையாற் படிப்பவர். அம்மென்பொருளில் ஒரு விசையை அழுத்தினால் அடுத்த தலைப்பிற்குத் தாவலாம்; நூலைப் புரட்டித் தலைப்புகளை நோக்குவது நமக்கு எப்படியோ அப்படியே அது அவர்க்கு. உடன்பயில்வோரின் பக்கங்களை அவர் படிக்க முயன்றபோது, பெரும்பாலானவற்றில் தலைப்பே இல்லையென மென்பொருள் அறிவித்தது. தலைப்புகளென யாம் கண்டவை தடித்த எழுத்திலமைந்த பத்திகளே. சில பக்கங்களில் தமிழ்ப்பகுதியை ஆங்கிலக் குரல் படிக்கப் புகுந்து தடுமாறியது. ஆங்கில முன்மாதிரியைப் படியெடுத்தபோது, மொழியைக் குறிக்கும் 'லாங்' என்னும் பண்பில் ஆங்கிலத்தின் குறியே நின்றுவிட்டது. தமிழுக்குரிய 'டிஏ' என்னும் குறி இடப்படவில்லை. அம்முன்மாதிரியை வகுப்பிற்கு அளித்தவர் யாமே. ஆகவே அப்பிழை மாணாக்கர் பிழையன்று.

இந்நிகழ்ச்சி ஓர் உண்மையை உணர்த்துகிறது. கட்டமைப்புப் பயிற்சியைக் கண்ணால் மட்டும் திருத்துதல் ஆகாது. உலாவி பிழைகளை மறைக்கும் இயல்புடையது. ஒரு குறியை மூடுமுன் மற்றொன்றைத் திறந்து, முன்னதை முதலில் மூடிக் குறுக்கே பின்னிவைப்பினும், உலாவி தானே ஒருவாறு சீர்செய்து காட்டிவிடும். அங்ஙனம் சீர்செய்யும் முறையையும் தரநூலே வகுத்துள்ளது. பிழைசோதிக்கும் மென்பொருள்கள் குறுக்குப் பின்னலைக் காட்டித்தரும். ஆனால், பெரிய எழுத்து வேண்டித் தலைப்புக் குறியைப் பத்திக்கு இட்டிருப்பின் அதனை அவை அறியா. சொல் வழுவற்ற தொடரும் பொருள் வழுவுடையதாதல் உண்டன்றோ? பொருள் வழுவைக் காணுதற்குப் படித்தறியும் மனிதரே வேண்டும்.

ஒரு தடையும் விடையும்

தொடக்க மாணாக்கர்க்குக் குறிச்சொற்களை மனத்திலிருத்துவதே பெரும்பாடு. பொருளாராய்ச்சியைப் பின்னர்க் கற்பிக்கலாம் எனக் கூறுவார் உளர். இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. எழுத்தறியாதார்க்கு யாப்புக் கற்பித்தல் இயலாது. ஆயினும், முதலிற் கற்ற பழக்கம் பின்னர் எளிதில் நீங்குவதில்லை. தலைப்பென்பது பெரிய எழுத்து என ஒருமுறை மனத்திற் பதிந்துவிட்டால், அப்பதிவை அழித்துவிட்டே பின்னர்க் கற்பித்தல் வேண்டும். அன்றியும், பண்டக்குறிப்பும் வழிக்குறிப்பும் கொண்ட பயிற்சி முதல் நாளிலேயே தரத்தக்கது. அதிலும் பொருளாராய்ச்சி உண்டு. உரைப்பகுதியின் எளிமையும் சிந்தனையின் இன்மையும் ஒன்றல்ல.

தமிழ் நூல்களிற் பயிற்சி

இனி, தமிழ் மாணாக்கர்க்கு எத்தகைய பயிற்சிகள் தக்கன என்பதை நோக்குவாம். அவர் நன்கறிந்த நூல்களே ஏற்றவை. உறுப்புகளின் இயல்பை முன்னரே அறிந்தவர் குறிச்சொல்லை விரைந்து கற்பர். குறியிடுதலால் உறுப்பின் இயல்பையும் மேலும் தெளிவர். நால்வகைப் பயிற்சிகளை ஈண்டு முன்மொழிகின்றோம்.

முதலாவது ஐங்குறுநூறு. நூல், திணை, பத்து, பாட்டு என அதன் அடுக்கு ஒழுங்கானது. நூற்பெயரை முதல்நிலைத் தலைப்பாகவும், ஐந்து திணைகளை இரண்டாம் நிலையாகவும், பத்துகளை மூன்றாம் நிலையாகவும், பாட்டெண்களை நான்காம் நிலையாகவும் குறியிடலாம். தலைப்பு நிலைகள் எழுத்தின் பருமனைக் காட்டுவன அல்ல, அடக்கத்தைக் காட்டுவன என்பது இதனால் விளங்கும். நெய்தற் பகுதியில் 129, 130ஆம் பாட்டுகள் கிடைத்தில. பாட்டெண்களைத் தலைப்பாக்காது, பாட்டுகளை வரிசைப் பட்டியலில் இட்டுத் தாமே எண் பெறுமாறு விடுவோரும் உளர். அங்ஙனம் விட்டால் 131ஆம் பாட்டு 129 என எண் பெறும்; அதன்பின் வரும் பாட்டுகள் அனைத்தும் எண் பிறழும். மேற்கோள் காட்டும் ஆய்வாளர் அனைவரும் அப்பிழையிற் சிக்குவர். 'வேல்யூ' என்னும் பண்பினால் எண்ணை நிறுத்தி இதனைத் தடுக்கலாம். எண் என்பது ஒப்பனையன்று, நூலின் உறுப்பே என்பதை உணர்த்த இதனினும் சிறந்த பயிற்சியை யாம் அறியோம்.

இரண்டாவது புறநானூறு. கணியன் பூங்குன்றனார் பாடிய 192ஆம் பாட்டைக் கொள்வாம். அச்சுப் பதிப்பில் எண், பதின்மூன்றடிச் செய்யுள், பொதுவியல் என்னும் திணை, பொருண்மொழிக்காஞ்சி என்னும் துறை, பாடினோர் பெயர் ஆகியவற்றைக் காண்கிறோம். சில பதிப்புகளில் தலைப்பும் உண்டு. தலைப்பைப் புலவர் இட்டாரல்லர்; பிற்காலப் பதிப்பாசிரியர் இட்டனர். திணை துறைக் குறிப்புகளும் செய்யுளின் பகுதியல்ல. தொகுத்தோரும் அவர்க்குப் பின் வந்தோரும் சேர்த்தவை. அவற்றைச் செய்யுளோடு ஒரே பத்தியில் அடக்குதல் புலவர் வாய்ச்சொல்லோடு பிறர் சொல்லைக் கலத்தலாகும். பெயரும் விளக்கமுமாய் இணைந்து வரும் 'டி.எல்.' என்னும் பட்டியல் அவற்றிற்கு உரியது. செய்யுளின் அடிகளைப் 'பி.ஆர்.' என்னும் அடிமுறிவுக் குறியாற் பிரிக்கலாம். செய்யுள், முகவரி ஆகியவற்றிற் போல முறிவு பொருளின் பகுதியாக உள்ள இடத்திலேயே அக்குறி வருதல் வேண்டும் எனத் தரநூல் கூறுவதால், அதன் உரிய ஆட்சி இதுவே. இடைவெளி வேண்டி உரைநடையில் அதனை அடுக்கிவைக்கும் பழக்கம் தவறு என்பதும் ஒப்புநோக்கால் விளங்கும்.

மூன்றாவது காண்டிகையுரை. கருத்துரை, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என்னும் ஐந்தும் அதன் உறுப்புகள். உரைநூல்களில் இவை பெரும்பாலும் ஒரே பத்தியாக ஓடிச்செல்லும். ஒரு நூற்பாவின் உரையைத் தந்து இவ்வைந்தையும் பிரித்துக் குறியிடச் சொன்னால், மாணாக்கர் உரையை வரிவரியாகப் படித்தே தீர்தல் வேண்டும். மேற்கோட் செய்யுளை மட்டும் 'பிளாக்கோட்' என்னும் மேற்கோட் குறியுள் அடக்குதல் வேண்டும். உள்ளொதுக்கம் வேண்டிப் பிற பகுதிகட்கு அதனை இடலாகாது. நூற்பெயரைக் குறிக்கும் 'சைட்' என்னும் குறியிலும் ஒரு நுட்பம் உண்டு. அது நூலின் பெயருக்கே உரியது, ஆளின் பெயருக்கு ஆகாது என்பது தரநூலின் விதி. நம் உரையாசிரியர்களோ நூற்பெயர் சுட்டாது 'என்றார் பிறரும்' எனக் கூறிச்செல்வர். அவ்விடத்தில் அக்குறிக்கு இடமில்லை. மாணாக்கர் மூலத்தைத் தேடிக் கண்டால் அதனை உரையின் பகுதியாக்காது தம் குறிப்பாகத் தனியே தருதல் வேண்டும்.

நான்காவது அகநானூறு. இது சற்று முதிர்ந்த மாணாக்கர்க்குரியது. அதன் நானூறு பாட்டுகளும் களிற்றியானைநிரை 120, மணிமிடைபவளம் 180, நித்திலக்கோவை 100 என மூன்று பகுதிகளாக நிற்கின்றன. அவற்றினூடே மற்றொரு முறையும் உண்டு. ஒற்றை எண் பெற்றவை பாலை, இரண்டும் எட்டும் ஈறாக வருவன குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல். குறிமொழியின் உறுப்புகள் ஒன்றனுள் ஒன்று முழுதும் அடங்குதல் வேண்டுமாதலின், இவ்விரு முறைகளையும் ஒருங்கே அடுக்காகக் காட்டுதல் இயலாது. மூன்று பகுதிகளை அடுக்காகக் கொண்டால், திணைமுறையை இணைப்புகள் கொண்ட ஐந்து பட்டியல்களாற் காட்டலாம். பாலைக்கு 200, குறிஞ்சிக்கு 80, ஏனைய மூன்றற்கும் தனித்தனி 40 என அவை அமையும். திணையை அடுக்காகக் கொண்டால் நூலின் வரிசை சிதையும். எதனை அடுக்காக்குவது என்பது பதிப்பாசிரியரின் துணிபு. அத்துணிபை ஏன் கொண்டோம் எனக் கூறும் கடப்பாடும் அவர்க்கு உண்டு.

இவ்வரையறையின் எல்லையை யாப்பிலும் காணலாம். வகையுளியில் ஒரு சொல்லின் பகுதி ஒரு சீரிலும் எஞ்சிய பகுதி அடுத்த சீரிலும் நிற்கின்றது. சீரை ஓர் உறுப்பாகவும் சொல்லை ஓர் உறுப்பாகவும் குறியிட முற்பட்டால் அவை குறுக்கே பின்னும். 1987ஆம் ஆண்டு முதல் இலக்கியங்களைக் கணினிக்கெனக் குறியிடும் நெறிமுறைகளை வகுத்துவரும் டி.இ.ஐ. குழுவினரும் இத்தகைய குறுக்கீட்டை ஓர் அடிப்படைச் சிக்கலாகவே கருதி வழிகள் கூறியுள்ளனர். குறுக்கே பின்னலாகாது என்னும் விதியை வெறும் விதியாக ஓதிய மாணாக்கர், அதன் காரணத்தையும் அதனால் நேரும் இழப்பையும் வகையுளி வழியே உணர்வர்.

ஓர் எச்சரிக்கை

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டற்பாலது. நூலானது சூத்திரம், ஓத்து, படலம், பிண்டம் என நால்வகையால் இயலும் எனத் தொல்காப்பியச் செய்யுளியல் கூறுகிறது. இதனைக் கண்டு, இன்றைய குறிமொழியை அன்றே தமிழர் அறிந்திருந்தனர் எனக் கூற முற்படுதல் ஆராய்ச்சியாகாது. நூலின் உறுப்புகளை அறிந்து பெயரிடுதல் பல மொழியினர்க்கும் பொதுவான தொழில். கணினி அறியுமாறு அவற்றைக் குறியிடுதல் இந்நூற்றாண்டிற்கு அணித்தே தோன்றிய தொழில். முன்னதில் நமக்குள்ள நீண்ட பயிற்சி பின்னதைக் கற்க உதவும் என்பதற்கு மேல் யாம் எதுவும் கூறவில்லை.

தரநூலையும் மாறாத மறையெனக் கொள்ளுதல் கூடாது. ஐந்தாம் பதிப்பின் கொள்கைப்படி, ஒவ்வொரு பகுதிக்குள்ளும் முதல்நிலைத் தலைப்பையே இடலாம். அடக்கத்தை நோக்கி அதன் நிலையை உலாவி தானே கணித்துக்கொள்ளும் எனப்பட்டது. உலாவிகள் அக்கணிப்பை நிறைவேற்றவில்லை. அதனை நம்பி எழுதிய பக்கங்களில் தலைப்புகள் யாவும் ஒரே நிலையினவாகத் திரைபடிப்பானுக்குத் தோன்றின. 2022ஆம் ஆண்டில் அவ்விதி தரநூலினின்றும் நீக்கப்பட்டது. வழக்கொடு பொருந்தா விதி நில்லாது என்பதற்கு இஃதொரு சான்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். தொடக்கப் பயிற்சிகளுள் ஒப்பனையை வேண்டுவன காலங்கடந்தவை. உறுப்பை வேண்டுவன சிறந்தவை. அவற்றுள்ளும் விடையைத் தோற்றத்தில் வையாது பொருளில் வைப்பன தலைசிறந்தவை. பக்கவமைப்புப் பயிற்சிகள் படத்தையும் நடைத்தாளையும் முன்வைத்து இடத்தையே பொருளாக மயங்கச் செய்வதால் திருத்தத்திற்குரியவை. நடைத்தாளை நீக்கியும், தலைப்புகளை மட்டும் தொகுத்தும், திரைபடிப்பானாற் செவியுற்றும் பயிற்சிகளை மதிப்பிடுதல் வேண்டும். ஒவ்வொரு குறிக்கும் 'இதனை ஏன் இவ்வாறு கொண்டீர்' என்னும் வினாவுக்கு மாணாக்கர் ஓரிரு தொடரில் விடை எழுதுதல் வேண்டும். மதிப்பெண்ணில் பாதியேனும் அவ்விடைக்கு உரியதாதல் வேண்டும்.

1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் முதலாகப் பலருடைய உழைப்பால் நம் நூல்கள் கணினியேறியுள்ளன. அவற்றை இனிக் கட்டமைப்போர் நம் வகுப்பறைகளிலிருந்தே வருதல் வேண்டும். மூலத்தையும் உரையையும் பிரித்தறியாத ஒருவர் கட்டமைத்த பக்கத்தில், பிற்காலத்தார் புலவர் சொல்லையும் பதிப்பாசிரியர் சொல்லையும் பிரித்தறிய மாட்டார். எம் வகுப்பில் அம்மாணாக்கர் தலைப்பு இல்லையெனக் கூறிய நாளில், யாம் வழங்கிய மதிப்பெண்களைத் திரும்பப் பெற்றுப் பயிற்சியை மீண்டும் நடத்தினோம். இரண்டாம் முறை பக்கங்களைத் திருத்தியவர் அவரே.